கைராசிக்காரி

ஏனுங்க அம்மணி, அந்தப் பையைச் சித்த மடியில வெச்சுக்கறீங்களா? நானும் உக்காந்துக்கறேன். நீலாம்பூர் வரைக்கும் நின்னுட்டே போனா என்ற காலு தாங்காதுங்க. ஆமாங்க, குன்னத்தூர்ல ஏறுனேன். நீங்க கோபியிலிருந்தே வர்றீங்களாட்ட இருக்குது. வேலைக்குப் போறீங்களா? நல்லதுங்க.

டிபன் பாக்ஸைச் சுத்தி வெச்சிருக்கீங்களே, அது அந்த ஆன்லைன் கம்பெனி கவர்தானுங்க? ஓரத்து ஸ்டிக்கரைப் பாத்தாலே எனக்குத் தெரியும். என்ன வாங்குனீங்க? சுடிதாரா. சரி சரி. நைட்டி வாங்குனதில்லையா? சும்மா கேட்டேனுங்க.

நான் அதுல கடை வெச்சிருந்தேன். வசந்தம் நைட்டீஸ். என்ற பேரு வசந்தாமணி, அதனால வசந்தம். 'வெச்சிருந்தேன்'னு சொல்றேன் பாருங்க, இப்படிச் சொல்றதுக்கே நாக்கு கூசுது. இப்ப இல்லீங்க. மூடிப்போட்டாங்க. அதுக்குத்தான் நீலாம்பூர் போறேன். அங்க அவங்க குடோன் இருக்குதாம், மனுசங்க உக்காந்திருக்காங்களாம். போன்ல பேசறதெல்லாம் மெசினு. மனுசங்க மூஞ்சியைப் பாத்துக் கேட்டுப்போடலாம்னுதான் கெளம்பிட்டேன்.

ஊரே வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடந்துச்சே, அப்ப ஆரம்பிச்சதுங்க. எம் பொண்ணு தாரணிதான் போன்ல எல்லாம் போட்டுக் குடுத்தா. ஈரோட்டுல துணி எடுத்து, நானே வெட்டி, நானே தைச்சு, நானே சொவுத்துல மாட்டிப் போட்டோ புடிச்சு, நானே மடிச்சு, நானே கட்டி. எங்க வீதியில ஆன்லைன்ல வித்த மொத ஆளு நான்தானுங்க. இதை நீங்க யாரை வேணாலும் கேட்டுக்கலாம். அப்புறந்தான் ஒவ்வொருத்தரா வந்தாங்க. மூலை வீட்டு டீச்சரம்மா தலகாணி உறை போட்டாங்க. பால்காரர் சம்சாரம் நாட்டுச்சக்கரை போட்டுது. யாரு கடை தொறந்தாலும் மொதல்ல எங்கிட்டத்தான் வருவாங்க. எதுக்குன்னு கேளுங்க. கைராசிக்கு!

"வசந்தாக்கா, உங்க கையால மொதப் போணி பண்ணி உடுங்க"ன்னு வந்து நிப்பாங்க. கடைன்னு தொறந்தா மொத வியாபாரம் நல்ல கைக்காரங்க பண்ணோணுமில்லீங்க? அது ரோட்டுல இருக்கற கடையா இருந்தா என்ன, போன்ல இருக்கற கடையா இருந்தா என்ன? என்ற போன்லிருந்தே ஒரு ஆர்டர் போட்டுருவேன். பார்சல் வந்ததும் சாமி முன்னால வெச்சுக் கும்புட்டுட்டு, அஞ்சு ஸ்டாரும் குத்தி உட்டுருவேன். பிரிச்சுக்கூடப் பாக்க மாட்டேன். போணியைப் பிரிச்சு வெச்சுக் குத்தம் பாக்கலாமுங்களா? என்ற பீரோவுல இன்னும் நாலஞ்சு பார்சல் பிரிக்காமத்தான் கெடக்குது. நாட்டுச்சக்கரையை மட்டும் எறும்பு வந்துருச்சுன்னு பிரிச்சேன்.

என்ற கை அப்படிப்பட்ட கைங்க. நான் தொட்டுக் குடுத்த கடை எதுவும் சோடை போனதில்லை. கோகிலா கடையும் அப்படித்தான்.

கோகிலா யாருன்னு சொல்லலையா? கோகிலவாணி. என்ற கொழுந்தனார் சம்சாரம். எனக்கு ஓரகத்தி. ஒரே காம்பவுண்டுக்குள்ள ரெண்டு வீடு, ஒரே கேட்டு. எனக்குப் பொறாமையெல்லாம் கிடையாதுங்க, அதை மொதல்லயே சொல்லிப்போடறேன். பொறாமைப்படறதுக்கு அவகிட்ட என்ன இருக்குது? பி.காம் படிச்சிருக்கா. படிச்சா ஆச்சா? ஊசியில நூலு கோக்கத் தெரியாம வந்தவ. பாபின் மாட்டறதிலிருந்து நான் சொல்லிக் குடுத்தேன். மத்தியானத்துல சும்மாதான இருக்கேன்னு வந்து என்ற பார்சலுக்கு டேப் ஒட்டிக் குடுத்துட்டிருந்தா. "அக்கா, அக்கா"ன்னு பின்னாலயே திரிவா. நானும் நம்ம வீட்டுப் புள்ளைதானேன்னு எல்லாத்தையும் காட்டுனேன். எந்தத் துணி சாயம் போகும், எந்தத் துணி போகாது, எங்க எடுத்தா வெலை கம்மி, எல்லாம்.

ஒருநாள் வந்து நிக்கறா. "அக்கா, நானும் ஒரு கடை போடட்டுங்களா? உங்களுக்கு வருத்தமில்லீங்களே?"

என்ன சொல்றது? எங்கூட்டுக்காரர் பக்கத்துல உக்காந்து காப்பி குடிச்சுட்டிருக்கார். "இதுல எனக்கென்ன வருத்தம், தாராளமா போடு"ன்னேன். உள்ளுக்குள்ள பொசுக்குன்னு ஒண்ணு ஆச்சுங்க. அது பொறாமை இல்லை. முன்னாடியே சொல்லியிருக்கலாமேங்கற வருத்தம். கோகிலம்னு பேரு வெச்சா. வசந்தம், கோகிலம். பேரைக் கூட என்றதைப் பாத்துத்தான் வெச்சா. அதுக்கும் நான்தான் மொதப் போணி. அஞ்சு ஸ்டாரு, அதுக்கு மேல ரெண்டு வரி வேற எழுதுனேன், 'துணி அருமை, தையல் அருமை'ன்னு. அந்த நைட்டிக்குக் கழுத்துப் பட்டி வெச்சுக் குடுத்ததே நான்தான். அப்புறம் அருமையா இல்லாம எப்படி இருக்கும்?

கொஞ்ச நாள்ல பார்சல் எடுக்கற வண்டி அவ வீட்டுப் பக்கமா நிக்க ஆரம்பிச்சுது. மொதல்ல என்ற வாசல்லதான் நிக்கும். அப்புறம் கேட்டுல நின்னுது. அப்புறம் அவ வாசல். டிரைவர் "அந்தம்மாவுது மூட்டை பெருசுங்க"ங்கறான். எனக்கு அதைக் கேட்டதும் மத்தியானச் சோறு எறங்கலைங்க. வெயில் காலம் வேற, அதனாலயும் இருக்கும்.

சரி, அதெல்லாங்கூட இருந்துட்டுப் போகட்டும். ஜூன் மாசம் ஒரு மெசேஜ் வந்துதுங்க. 'விற்பனையாளர்களுக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தி'ன்னு ஆரம்பிச்சுது. இந்தக் கம்பெனிக்காரங்க மகிழ்ச்சின்னு எழுதுனா நாம வயித்துல ஈரத்துணியைக் கட்டிக்கோணும். முன்னெல்லாம் பார்சல் கனத்தைப் பெருசாப் பாக்க மாட்டாங்க. இனிமே அரைக்கிலோவுக்குள்ள இருந்தா ஒரு கட்டணமாம், ஒரு நூலு தாண்டுனாலும் ஒரு கிலோவுக்கான கட்டணமாம். நான் விக்கறது ரெண்டு நைட்டி சேத்து ஒரு செட்டு. நல்ல கெட்டித் துணி, தொளதொளன்னு அளவு, கசங்காம இருக்க உள்ள அட்டை. அரைக்கிலோவைத் தாண்டாம என்ன பண்ணும்?

கோகிலா என்ன பண்ணுனா தெரியுமா? அட்டையை எடுத்துப்போட்டா. கவரை மெல்லிசாக்குனா. கீழ மடிச்சுத் தைக்கற எடத்துல ரெண்டு விரக்கடை கொறைச்சா. அரைக்கிலோவுக்குள்ள வந்துருச்சு, அதனால வெலையையும் கொறைச்சுப்போட்டா. எங்கிட்டயும் வந்து சொன்னா. "அக்கா, அட்டையை எடுத்துருங்க, உங்களுதும் உள்ள வந்துரும், நான் எடை போட்டுப் பாத்துட்டேன்"னு. என்ற சரக்கை அவ எதுக்கு எடை போடறா? நேத்துப் பாபின் மாட்டக் கத்துக்கிட்டவ எனக்கு அட்டையைப் பத்திச் சொல்றா. "எங்கிட்ட வாங்கறவங்களுக்குக் கசங்குன துணி குடுத்துப் பழக்கமில்லை"ன்னுட்டேன். மூஞ்சி சுண்டிப் போச்சு அவளுக்கு. சுண்டட்டும்.

அந்த மெசேஜ்லயே இன்னொண்ணும் இருந்துது. அதுதான் என்ற வயித்துல அடிச்சது. ஒரே மாதிரி சாமான் ரெண்டு கடையில இருந்தா இனிமே ரெண்டு பக்கம் கிடையாதாம். ரெண்டையும் சேத்து ஒரே பக்கமாம். போட்டோ யாரு முன்னால போட்டாங்களோ அவங்களோடது. பேரு யாரு வெலை கம்மியோ அவங்களோடது. மத்தவங்க பேரு கீழ, பொடி எழுத்துல, 'மற்ற விற்பனையாளர்கள்'.

புரியுதுங்களா? போன் வெக்கறதுக்குப் பக்கவாட்டுல பாக்கெட் வெச்ச நைட்டி. அது என்ற யோசனைங்க. அதுக்கு எத்தனை பேரு ஆசைப்பட்டு வாங்குனாங்க! அவளும் என்னைப் பாத்து பாக்கெட் வெச்சா. இப்பப் பக்கத்தைத் தொறந்தா என்ற வீட்டுச் சொவுரு, என்ற ஆணி, என்ற ஹேங்கரு, நான் புடிச்ச போட்டோ. அதுக்கு மேல, விற்பவர், கோகிலம்! நான் எங்கன்னா கீழ எறும்பாட்டம் கெடக்கறேன், மத்தவங்கன்னு. யாருங்க மத்தவங்க? என்ற சொவுத்துக்கு நான் மத்தவளா?

போனைத் தூக்கிட்டு நேரா அவ வீட்டுக்குப் போனேன். அவ தோசை ஊத்திட்டிருந்தா. "என்ன கோகிலா இது"ன்னேன். பாத்துட்டு அவளுக்கும் கையும் ஓடலை காலும் ஓடலை. "அக்கா, நான் பண்ணலீங்க்கா, கம்பெனியே சேத்துப்போட்டுதுங்க. நீங்களும் வெலையைச் சித்த கொறைச்சா உங்க பேரு மேல வந்துரும். இல்லைன்னா சொல்லுங்க, நான் ஏத்திக்கறேன்"னா.

ஏத்திக்கறாளாம்! பிச்சை போடற மாதிரி. அவ எறங்கி வந்து நான் மேல போகோணுமா? "ஒண்ணும் வேண்டாம், உன்ற தோசை கருகுது பாரு"ன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன். நெசமாவே கருகுச்சுங்க. எனக்கு அன்னைக்கு ஒரே நல்ல விசயம் அதுதான்.

அதுக்கப்புறம் எனக்குத் தெனமும் இதே வேலையாப் போச்சு. எந்திரிச்சதும் பல்லு வெளக்கறதுக்கு முன்னால அவ கடையைத் தொறந்து பாப்பேன். எத்தனை ஸ்டாரு, எத்தனை பேரு என்ன எழுதியிருக்காங்க. ஒவ்வொருத்தரும் 'நல்லா இருக்கு, நல்லா இருக்கு'ன்னு எழுதறப்ப எனக்கு இந்த எடத்துல, இதோ நெஞ்சுக்குழியில, எரியும். இத்தனை பேருக்கு எப்படிங்க நல்லா இருக்கும்? கீழ மடிப்பைக் கொறைச்ச நைட்டி! ஒரு தடவை தொவைச்சா முட்டிக்கு வந்துரும். இதுல ஏதோ கோல்மால் இருக்குதுன்னு என்ற மனசு சொல்லுச்சு.

அந்தப் பக்கத்துல ஒரு மூலையில 'புகார்'னு ஒரு பட்டன் இருக்குதுங்க. தொட்டா வரிசையாக் காரணம் கேக்கும். அதுல ஒண்ணு, 'இந்தக் கடையின் மதிப்பீடுகள் உண்மையானவை அல்ல'. எனக்கென்னவோ அதுதான் பொருத்தமாப் பட்டுது. தொட்டு உட்டுட்டேன். பொய்ப்புகாருன்னு நெனைச்சுறாதீங்க. சந்தேகம்னா சொல்லோணும்னு அவங்களே பட்டன் வெச்சிருக்காங்க, நான் என்ன என்ற வீட்டுலிருந்தா பட்டன் கொண்டு போனேன்? பேரு வெளிய சொல்ல மாட்டோம்னும் போட்டிருந்தாங்க. அது எனக்குப் புடிச்சிருந்துது.

அடுத்த வாரமே நடந்துது பாருங்க கூத்து. காலையில எந்திரிச்சு அவ கடை மூடியிருக்கான்னு தொறந்து பாக்கறேன். ஜம்முனு இருக்குது. என்றதைத் தொறந்தா தொறக்க மாட்டேங்குது! சிவப்பு எழுத்துல என்னமோ வருது. தாரணியை எழுப்பிக் காட்டுனேன். அவ படிச்சுச் சொன்னா. என்ற கணக்கிலிருந்து பல கடைகள்ல சாமான் வாங்கி, பொய்யா ஸ்டார் போட்டிருக்கேனாம். எல்லாக் கடையிலயும் மொத ஆர்டரு என்ற போன்லிருந்தே போயிருக்குதாம். எல்லாம் ஒரே வீதியாம். காசு வாங்கிட்டு ஸ்டார் போடற ஆளு நானுன்னு முடிவு பண்ணி, வசந்தம் நைட்டீஸை நிரந்தரமா மூடிட்டாங்களாம். கோகிலாவுக்கு நான் போட்ட அந்த ஒரு அஞ்சு ஸ்டாரை மட்டும் எடுத்துட்டு, அவளைச் சும்மா உட்டுட்டாங்க.

"அம்மா, சித்தி கடை மேல யாரோ புகார் குடுத்திருக்காங்க. அதைத் தோண்டும்போது நீ மாட்டிக்கிட்ட"ங்கறா எம் பொண்ணு.

"யாரு குடுத்திருப்பா?"ன்னேன். அவ என்னையே பாத்தா. "எனக்கெப்படிம்மா தெரியும்"னுட்டுப் போயிட்டா. அவ எப்பவும் சித்தி பக்கந்தானுங்க.

எனக்குத் தெரியாதா யாருன்னு? நான் மொதப் போணி பண்ணுனது கம்பெனிக்கு எப்படித் தெரியும்? யாராச்சும் சொன்னாத்தான தெரியும்? அவதான் சொல்லியிருப்பா. நான் இருந்தா என்னைக்காச்சும் அவளைத் தாண்டிருவேன்னு பயம். மூஞ்சியைப் பாத்தா பச்சப்புள்ளையாட்ட இருக்கும், ஆனா இந்தக் காலத்துல யாரை நம்பறதுன்னே தெரியலைங்க. பட்டனைத் தொட்டா பேரு வெளிய வராதுங்கறது அவளுக்கும் தெரிஞ்சிருக்குமில்ல?

அந்த உதவி மெசினுக்கு எழுதிப் பாத்தோம். தாரணியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, 'அது பொய் ஸ்டார் இல்லீங்க, கைராசிக்குப் பண்ணுனது'ன்னு எழுதுனேன். அது உடனே, 'கைராசி என்பது பொருளின் பெயரா?'ன்னு கேக்குது. இல்லீங்க, கைராசின்னா கைராசின்னு எழுதுனேன். 'உங்களுக்காகச் சில பொருட்கள்'னு ராசிக்கல் மோதிரமாக் காட்டுதுங்க! பச்சைக்கல்லு, செவப்புக்கல்லு, சலுகை வெலையில. நான் அழுதுட்டிருக்கேன், அது எனக்கு மோதிரம் விக்குது.

கோகிலா வந்தா. கண்ணெல்லாம் கலங்கி வந்தா. நடிப்புன்னா அப்படி ஒரு நடிப்பு. "அக்கா, என்னாலதானுங்க்கா உங்களுக்கு இப்படி ஆச்சு. நான் போணி கேட்டதாலதான"ங்கறா. பாத்தீங்களா, அவ வாயாலயே சொல்லிட்டா, அவளாலதான்னு. "தைச்சு வெச்ச சரக்கையெல்லாம் எங்கடையில போடலாங்க்கா. உங்க வெலைக்கே போடறேன், அட்டையோடயே அனுப்பறேன்"ன்னா. துணியைத் தீ வெச்சாலும் வெப்பேனே தவிர, அவ பேருல விக்க மாட்டேன்னு இருந்தேன்.

எங்கூட்டுக்காரருக்குச் சூடு சொரணை ஏதாச்சும் இருந்தாத்தான? நான் கோயிலுக்குப் போயிருந்தப்ப அத்தனை மூட்டையையும் தூக்கி அவ வீட்டுல வெச்சுப்போட்டார். "வீட்டுல பூச்சி அரிக்கறதுக்கு, நாலு பேரு போட்டுக்கட்டும்"ங்கறார். வித்த காசு கவருல வருது, டிவி மேல வெக்கறார், நான் தொடறதில்லை. அவரே எடுத்து அரிசி பருப்பு வாங்கிட்டு வர்றார். அந்தக் கடைப் பக்கம் நான் எட்டிக்கூடப் பாக்கலை. என்ற கடையை மூடுன நாள்லிருந்து ஒரு தடவை தொறந்து பாத்திருப்பேன்னா கேளுங்க. பாத்தா நெஞ்சு வெடிச்சுரும்.

இந்த நீலாம்பூர் விலாசமா? அது அவதான் தேடிக் குடுத்தா. யாருகிட்டயோ கேட்டு, ஆபீசர் பேரெல்லாம் எழுதி, தாரணிகிட்டக் குடுத்து உட்டிருந்தா. கூட வர்றேன்னும் சொன்னாளாம். வேண்டாம்னுட்டேன். வந்து அங்க எனக்கெதிரா என்ன சொல்லுவாளோ, யாருக்குத் தெரியும்?

பெருமாநல்லூர் தாண்டிருச்சா? இன்னும் நேரம் இருக்குதுங்க.

அம்மணி, உங்களைப் பாத்தா நல்ல மாதிரி தெரியறீங்க. ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே? உங்க போன்ல அந்த ஆப் இருக்குமில்ல? கோகிலம்னு போட்டா வரும். ஒரே ஒரு நைட்டி வாங்குங்க. வாங்குனாத்தான் ஸ்டார் போட உடுவான். பணம் நான் இப்பவே கையில குடுத்துடறேன், சத்தியமா. வந்ததும் ஒரே ஒரு ஸ்டார் போட்டுருங்க. ஒண்ணே ஒண்ணு. பெருசா எதுவும் எழுத வேண்டாம். அவளுக்கும் ஒரு நாளு காலையில எந்திரிச்சதும் நெஞ்சுக்குழி எரியட்டும். நீங்க யாரோ, நான் யாரோ, யாருக்கும் தெரியாது.

போட்டீங்களா? வந்துருச்சா? இருங்க, கண்ணாடியை எடுத்துக்கறேன். ஆ, இதுதான். மொதல்ல இருக்கறதையே போட்டுருங்க, அந்த நீலத்துல எலை போட்டது... இருங்க. அது வேண்டாங்க. அது என்றது. அந்தத் துணி ஈரோட்டுல நான் எடுத்தது. அதுக்குப் போடாதீங்க. அடுத்ததைத் தொடுங்க.

அதுவும் என்றதுங்க. அந்தக் கழுத்துல ரெண்டு வரி தைச்சிருக்குது பாருங்க, நான்தான்.

கீழ போங்க. அதுவும். அதுவும் என்றதுதான். அவளோடது எங்க? இன்னும் கீழ தள்ளுங்க. இன்னும்... அடேயப்பா, இங்க இருக்குது அவளோடது. கட்டக் கடைசியில.

எதுக்கு இப்படி வெச்சிருக்கா? என்றதையெல்லாம் மேல தூக்கி வெச்சு, அவளோடதைக் கீழ போட்டு? எங்கிட்டக் காட்டிக்கறதுக்கா? நான் தொறந்தே பாக்க மாட்டேன்னு அவளுக்குத் தெரியுமேங்க.

அந்த நீலத்துக்குக் கீழ என்னமோ எழுதியிருக்காங்களே, படிங்க. 'தையல் ரொம்ப உறுதி'யா? அதுக்கப்புறம்? 'அட்டை வைத்துக் கசங்காமல் வந்தது'. ம்.

இல்லீங்க, தூசி. சன்னலைச் சித்த மூடிருங்க.

ஒரு ஸ்டார் வேண்டாங்க. வாங்கறதா இருந்தா அந்த நீலத்தையே வாங்குங்க, உங்க நெறத்துக்கு எடுப்பா இருக்கும். பணம் நானே தர்றேன். அஞ்சே போட்டுருங்க. தெரியுமுங்க, அஞ்சும் அவ பேருக்குத்தான் போகும். போகட்டும். ஆனா தையல் நல்லா இருக்குதுன்னு மட்டும் எழுதுங்க அம்மணி. கடையைப் பத்தி ஒண்ணும் எழுத வேண்டாம்.